பிரிய வேண்டிய தையல்

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் விலையைக் கேட்டு மயக்கம் போடுவார்கள். ஊசியக்கா அப்படியெல்லாம் செய்யவில்லை. ஷோரூமுக்குள் நுழைந்தாள், அந்தச் சின்ன சொகுசு எஸ்யூவியின் கதவைத் திறந்தாள், பளிங்குத் தரையில் மண்டி போட்டு ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள். டை கட்டிய விற்பனையாளர் பாவம், ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்துத் தானும் குனிந்து தேடினார்.

"ஒண்ணும் விழலைங்க. உறையை எப்படி இழுத்துக் கட்டியிருக்காங்கன்னு பாக்குறேன்."

"மேடம், இதோட எஞ்சின் பவர் பாத்தீங்கன்னா..."

"அது இருக்கட்டும். இந்தத் தோல் எந்தப் பக்கத்துத் தோல்? முதுகா, வயிறா?"

விற்பனையாளருக்கு அது பாடத்தில் இல்லை. மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான். அவர் திரும்பி வருவதற்குள் அது முதுகுத் தோல்தான் என்று அக்காவே விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டாள்.

கண்டுபிடிக்காமல் என்ன? கார் இருக்கைக்கு உறை தைப்பது அவளுடைய தொழில். டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் இரண்டு அறை. முன்னறையில் தோல் வெட்டும் மேசை. அது அவள் தம்பியின் ராஜ்ஜியம். உள்ளறையில் தையல் மெஷின்; அது அவளுடையது. கல்யாணமாகி வந்த வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள், முப்பது வருஷமாக எழுந்திருக்கவில்லை என்று தம்பி கேலி செய்வான். ஊசியக்கா என்ற பெயர் கையிலிருக்கும் ஊசியால் வந்ததா, வாயிலிருக்கும் ஊசியால் வந்ததா என்று வாடிக்கையாளர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. அவள் தைத்த தையல் விட்டதில்லை. தோல் கிழியும், பஞ்சு அமுங்கும், காரே துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போகும். தையல் மட்டும் அப்படியே இருக்கும்.

இத்தனை வருஷமும் ஊரார் சொகுசு வண்டிகளைச் சந்து முனையிலிருந்து கடை வாசல் வரைக்கும் ஓட்டியதோடு சரி. சொந்தமாக வைத்திருந்தது ஒரு ஓட்டை வேன். புது வண்டி வாங்க வேண்டிய கட்டாயம் வீட்டுக்காரரின் முட்டியால் வந்தது. அவர் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலையில் முப்பத்து மூன்று வருஷம் நின்றே கழித்தவர். ரிடையர் ஆன மறுமாதமே இரண்டு முட்டியும் சேர்ந்து ரிடையர் ஆகிவிட்டன. தாழ்ந்த காரில் உட்கார வைத்தால் கிணற்றிலிருந்து தூக்குவது மாதிரி தூக்க வேண்டும். வேனில் ஏற்ற வேண்டுமென்றால் பின்னாலிருந்து தள்ள ஒரு ஆள் வேண்டும். இந்தச் சின்ன எஸ்யூவியின் இருக்கை மட்டும் அவர் இடுப்புக்குச் சரியான உயரத்தில் இருந்தது. ஷோரூமில் அவர் குனியாமல், எம்பாமல், சும்மா திரும்பி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும், சேமிப்பு முழுக்கக் கரைந்தாலும் சரி என்று அக்கா முடிவு செய்துவிட்டாள்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அவள் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. கதவு மூடும்போது 'தொப்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்கே பாதி விலை தரலாம் என்பாள். டயர் கடைச் சந்தில் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடுகிறது என்பாள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தால் இருக்கைக்குள்ளிருந்து குளிர்காற்று முதுகில் வீசுகிறது, எவன் யோசித்தானோ அவன் நன்றாக இருக்கட்டும் என்பாள். குறை சொல்லாமலும் விடமாட்டாள். ஏசியைக் குறைக்கத் திரையில் மூன்று தடவை தொட வேண்டியிருக்கிறது, திருகுகிற குமிழ் என்ன பாவம் செய்தது? பின்கண்ணாடியை ஒட்டிய தூண் தடியாக இருக்கிறது, பின்னால் மோட்டார்சைக்கிள் வந்தால் மறைத்துவிடுகிறது. ஒருநாள் பின்சீட்டில் தோல் சுருளை வைத்துக்கொண்டு வந்தபோது, ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து வண்டி வழிநெடுக 'பெல்ட் போடு, பெல்ட் போடு' என்று கத்தியிருக்கிறது. கடைசியில் நடுரோட்டில் நிறுத்தித் தோல் சுருளுக்கு பெல்ட் மாட்டினாள். "என்னை இவ்வளவு அக்கறையா யாரும் பாத்துக்கிட்டதில்ல" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வண்டி வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. காபியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, முன்னிருக்கையின் தையல்களை ஒவ்வொன்றாக விரலால் நீவிக்கொண்டே வந்தாள். தொழிற்சாலை தைத்தது என்றாலும் பழுது இல்லை, பரவாயில்லை என்று மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். சாய்மானத்தின் வெளியோரம், கதவைப் பார்த்திருக்கும் பக்கம் வந்ததும் விரல் நின்றது. மற்ற இடத்தில் தடித்த நூல். இங்கே ஒரு முடி அளவுக்கு மெலிந்த நூல். கண்ணுக்குத் தெரியாது. அவள் விரலுக்குத் தெரிந்தது. பக்கத்து இருக்கையிலும் அதே இடத்தில் அதே கதை.

"பாத்தீங்களா இவன் புத்தியை! இவ்வளவு வாங்கிக்கிட்டு இங்க வந்து நூலை மிச்சம் பிடிச்சிருக்கான்!"

"யாரு, என்ன பண்ணான்?" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்க சாய்ஞ்சு சாய்ஞ்சு எழுந்தா ஒரே வருஷத்துல பிரிஞ்சிடும். இருங்க, வர்றேன்."

வளைந்த ஊசியையும், லாரி இருக்கைக்குப் போடும் நைலான் நூலையும் எடுத்து வந்தாள். உறையைக் கழற்றக்கூட இல்லை. தொழிற்சாலை போட்ட அதே ஓட்டைகளில் ஊசியை விட்டு, பழைய நூலின் மேலேயே இரண்டாவது வரிசை ஓட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு இருக்கையும் முடிந்தது. எது கம்பெனித் தையல், எது அவள் தையல் என்று கண்டுபிடிக்க இன்னொரு ஊசியக்காதான் பிறந்து வரவேண்டும். அவ்வளவு சுத்தம். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரை அதில் உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

ஆறு மாதம் கழித்து முதல் சர்வீஸ். அந்தப் பணிமனையின் மூத்த மெக்கானிக் அவளுக்குப் பழக்கமானவர்தான். கிழிந்த இருக்கை வந்தால் டயர் கடைச் சந்துக்கு அனுப்பி வைப்பவர். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவர், ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். அப்புறம் டார்ச்சை எடுத்தார்.

"அக்கா, இந்த எடத்துல கை வச்சீங்களா?"

"வைக்காம? கம்பெனிக்காரன் அங்க மட்டும் மட்ட நூல் போட்டிருந்தான். நான் கெட்டி பண்ணிட்டேன்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"அது மட்ட நூல் இல்லக்கா. பிரியறதுக்குன்னே போட்ட நூல். உள்ள ஏர்பேக் மடிச்சு வச்சிருக்கு. பக்கவாட்டுல எவனாவது வந்து இடிச்சா, அந்தத் தையலைப் பிரிச்சுக்கிட்டுத்தான் பை வெளிய வரணும்."

"ஏர்பேக் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? மேலுறை போடும்போது அந்தப் பக்கம் திறந்துதானே விடுறேன்! வெடிச்சுக்கிட்டு வர்ற சாமானுக்கு ஒரு நூலா தடை? கிழிச்சுட்டு வந்துடாதா?"

"வரும்க்கா. ஆனா லேட்டா வரும். இல்லேன்னா தப்பான பக்கமா வரும். கண் இமைக்கிறதுல பாதி நேரம்கூடக் கிடையாது அதுக்கு. அதுக்குள்ள தலைக்கும் கதவுக்கும் நடுவுல வந்தாகணும்."

அக்காவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது வீட்டுக்காரரின் முகம். ஆறு மாதமாக அந்த மனிதர் அவள் தையலில் சாய்ந்துகொண்டு, ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறார். இரண்டாவதாக வந்த நினைப்பில் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லா வண்டியிலயும் இப்படித்தானா?"

"இருக்கையில பை வச்ச எல்லா வண்டியிலயும்."

"அந்த ஓரம் லேசா விட்டுப்போச்சுன்னு எத்தனை பேர் என்கிட்ட கொண்டு வந்திருக்காங்க தெரியுமா?" என்றாள். அவருக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரியாது.

ஆனால் தெரிந்துகொள்ள வழி இருந்தது. கடையில் ஒரு கம்பி உண்டு. வேலைக்கு வந்த ஒவ்வொரு வண்டியின் தோலிலிருந்தும் தபால்தலை அளவு ஒரு துண்டு வெட்டி, அதே நூலால் நாலு தையல் போட்டு, பின்பக்கம் வண்டிக்காரரின் போன் நம்பரையும் செய்த வேலையையும் பேனாவால் எழுதி அதில் கோர்த்துவிடுவாள். மறுபடி வந்தால் நிறம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. அன்று கடைக்கு வந்து கம்பியைக் கழற்றி மேசையில் கொட்டினாள். தம்பி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் உட்கார்ந்து பொறுக்கினார்கள். 'சாய்மானம், வெளியோரம்' என்று எழுதிய துண்டுகள் இருபத்து மூன்று தேறின.

"சரி, இனிமே அந்த எடத்துல கை வைக்க வேணாம்" என்றான் தம்பி. துண்டுகளை அள்ளி மறுபடி கம்பியில் கோர்க்கப் போனான்.

"இந்த இருபத்து மூணு?"

"அக்கா, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. தெரியாம செஞ்சது. நீயே போய்ச் சொன்னா நாளைக்கு இந்தச் சந்துக்குள்ள ஒரு வண்டி வராது. முப்பது வருஷப் பேரு. வாயை மூடிட்டு இரு அக்கா, புண்ணியமாப் போகும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. கடையை நம்பி அவன் குடும்பமும் இருக்கிறது. ஊசியக்கா துண்டுகளை அவன் கையிலிருந்து வாங்கி மறுபடி மேசையில் பரப்பினாள்.

"தெரியாம செஞ்சது தப்பில்லன்னே வச்சுக்கோ. இன்னிக்கு நாலு மணியிலேருந்து எனக்குத் தெரியுமேடா."

தம்பி கோபத்தோடு விளக்கைப் போட்டான்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர் முழுவதையும் கேட்டார். "ஆறு மாசமா நான் எமனோட மடியில உக்காந்து குளிர்காத்து வாங்கியிருக்கேன்னு சொல்லு" என்றார். அவள் அழப் போகிறாள் என்று தெரிந்ததும் அவசரமாக, "ஒண்ணும் ஆகலையே. அடுத்து என்ன பண்றதா இருக்க?" என்று கேட்டார்.

"வண்டியை வித்துடலாம்னு பாக்குறேன். எல்லாருக்கும் புது உறை நான்தானே போட்டுக் குடுக்கணும்."

"வித்துட்டு இருபத்து மூணு வீட்டுக்கும் எதுல போவ? என் முதுகுலயா? உறைக்குக் கொஞ்சம் கொஞ்சமா வேலை செஞ்சு கட்டலாம். வண்டி இருக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. முதலில் தங்கள் இருக்கைகளுக்குக் கம்பெனி உறை வரவழைத்துப் பணிமனையிலேயே மாட்டினார்கள். மற்றவர்களுக்கும் அங்கேயே மாற்றித் தருவதாக மெக்கானிக் ஒப்புக்கொண்டார். கூலியில் பாதியை அவர் வாங்க மறுத்துவிட்டார். இத்தனை பேரைச் சந்துக்கு அனுப்பியதில் எனக்கும் பங்குண்டு என்றார். பிறகு அக்கா கிளம்பினாள். போனில் சொல்லிவிட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். போனில் சொன்னால் 'அப்புறம் பாக்கலாம்' என்பார்கள், நேரில் போய் வாசலில் நின்றால்தான் வண்டியை எடுப்பார்கள் என்றாள். கடையை மூன்று மணிக்குத் தம்பியிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, வாரத்துக்கு மூன்று வீடு.

அந்த இரண்டு மாதத்தில்தான் அவளுக்கு வண்டி முழுதாகப் பிடிபட்டது. மலைப்பாதையில் மூச்சு வாங்காமல் ஏறுகிறது, மழையில் கால் வழுக்குவதில்லை, மூன்று மணி நேரம் ஓட்டினாலும் இடுப்பு நோகவில்லை. பெட்ரோலைத்தான் தண்ணீராகக் குடிக்கிறது. அதற்கும் வாய் ருசி உயர்ந்த ஜாதி என்று வீட்டுக்காரர் சமாதானம் சொல்வார்.

வீடுகள் பலவிதம். ரொட்டிக்கடைக்காரர் டீ கொடுத்து, இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வக்கீல் கேஸ் போடுவேன் என்று குதித்தார். போடுங்கள், ஆனால் நாளைக்கே வண்டியைப் பணிமனையில் விடுங்கள் என்று வாசலைவிட்டு நகராமல் நின்றாள். வண்டியை விட்டார், கேஸ் போடவில்லை. ஒரு டாக்ஸிக்காரருக்கு நேரமே இல்லை. அது பிரியாமல் இருக்கிறதே, அதற்குத்தானே காசு கொடுத்தேன் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் அக்கா பிளேடால் தன் தையலைக் கோடு கிழித்தது போல் பிரித்துப் போட்டுவிட்டாள். வாய் பிளந்த இருக்கையோடு சவாரி ஏற்ற முடியாதே, அவர் திட்டிக்கொண்டே நேராகப் பணிமனைக்குப் போனார். ஏழு பேர் இனி உங்கள் கடைப் பக்கமே வரமாட்டோம் என்றார்கள். அதில் மூன்று பேர் பதினைந்து வருஷ வாடிக்கை. வீட்டுக்கு வந்து அந்த ஏழு முகத்தையும் நினைத்து நினைத்து மாய்ந்தாள்.

கடைசித் துண்டு ஒரு கணக்கு வாத்தியாருடையது. நம்பர் மாறியிருந்ததால் பள்ளிக்கூடத்தில் விசாரித்து வீட்டு நம்பர் வாங்க வேண்டியிருந்தது. போனை அவர் மனைவி எடுத்தார்.

"அந்த வண்டியா? அது ஆக்ஸிடென்ட் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சேம்மா" என்றார். அதற்குள் அடுப்பில் ஏதோ பொங்கிவிட்டது போல, சாயங்காலம் வாங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டு யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் திறந்தவர் வாத்தியார்தான். தலைமுடி நரைத்திருந்ததே தவிர முழுசாக இருந்தார். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி குறுக்கிடாமல் கேட்டார்.

"எங்களை முன்னாடி இடிச்சான்" என்றார் கடைசியில். "முன்பக்கத்துப் பை வந்துச்சு, பொழச்சோம். பக்கவாட்டுல இடிச்சிருந்தா?"

"என் தையல் பையைத் தடுத்திருக்கும்."

"பக்கத்து இருக்கையில யார் இருந்தா தெரியுமா? என் பொண்ணு. பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருந்தேன்."

அக்கா தலை குனிந்துகொண்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையை மற்ற இருபத்திரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தாள். இங்கே அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

வாத்தியாருக்குக் கோபம் மெதுவாகத்தான் ஏறியது, ஏறியபின் இறங்கவில்லை. தெரியாத வேலையில் எதற்குக் கை வைக்கிறீர்கள், கேட்டுவிட்டுச் செய்ய வாய் இல்லையா, உங்கள் கைநேர்த்திக்கு என் பிள்ளைதான் கிடைத்தாளா என்று கேட்டார். எல்லாம் அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விகள். கடைசியில் கதவைக் காட்டி, "போய்ட்டு வாங்க" என்றார்.

அவள் படியிறங்கி, நிறுத்தியிருந்த அவருடைய புது வண்டியைத் தாண்டி, கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா, நில்லுங்க." வாத்தியார் கையில் சாவி இருந்தது. அவளை நேராகப் பார்க்காமல் புது வண்டியின் பின்கதவைத் திறந்தார். "இந்தப் பின்சீட்டு ஓரம் விட்டுப்போயிருக்கு. ஆறு மாசமா யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியாம வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை கொண்டு வரவா?"

அக்கா குனிந்து அந்தத் தையலைப் பார்த்தாள், விரலால் நீவினாள். "முதல்ல மெக்கானிக்கைக் கேக்கணும்ங்க. இந்த எடத்துல தைக்கலாமான்னு தெரிஞ்சாத்தான் தொடுவேன்" என்றாள்.

"அதுக்குத்தான் உங்ககிட்ட குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அவள் திரும்பி வந்து வண்டியில் ஏறி, ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னார்?" என்றார் வீட்டுக்காரர்.

"திட்டினார்."

"அப்புறம்?"

"வேலை குடுத்தார்" என்றாள். இரண்டு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.